செவந்தியின் பெயருக்கு எதிரே

வல்லத்திராக்கோட்டை
12.1.2025

ஆத்தா இளமதிக்குப் பெரியப்பா சிவசாமி எழுதுவது.

எழுத்து மேலும் கீழுமாகப் போகும், பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் வரப்பு தாண்டும் ஆடு மாதிரி ஒவ்வொரு எழுத்தும் கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஐம்பத்தைந்து வருசம் மண்வெட்டி பிடித்த கை. பேனா உள்ளே இருப்பதே கைக்குத் தெரியவில்லை. மதியச் சாப்பாடு முடித்து உட்கார்ந்தேன். இந்த வரிக்கு வருவதற்குள் மாடு கட்டும் நேரம் ஆகிவிட்டது.

நானேதான் எழுதுகிறேன். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. போன ஆடியிலிருந்து நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறார்கள். டீச்சர் பெயர் பிரகதாம்பாள், சின்னப் பெண். நூறு நாள் வேலைக்குப் போகும் பொம்பளைகள் இருபது பேர். ஆம்பிளை நான் ஒருவன்தான். முதல் நாளே மேலத்தெரு ராசாத்தி, “என்ன மாமா, கலெக்டருக்குப் படிக்கப் போறீங்களா?” என்று கேட்டாள். “ஒனக்குப் பட்டா எழுதிக் குடுக்க ஆள் வேணாமா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது ராசாத்தியை விட நான் வேகமாகப் படிக்கிறேன்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எது திருமயம் பஸ், எது அன்னவாசல் பஸ் என்று யாரையும் கேட்பதில்லை. ரேஷன் கடைப் பலகையில் பாமாயில் இருப்பு இல்லை என்று நானே படித்தேன். இத்தனை நாள் கேட்டு ஏமாந்தேன், இப்போது படித்து ஏமாறுகிறேன்.

ஃபோனில் பேசலாமே என்பாய். ஃபோன் மருமகள் அருணா கையில் இருக்கிறது. என் காதில் வைப்பாள், நான் ‘ம்’ என்பேன், வாங்கிக்கொள்வாள். தாளில் எழுதும்போது பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. உன் விலாசத்தை உன் அம்மாவிடம் வாங்கினேன். உறை மேல் இங்கிலீஷில் டீச்சர் எழுதித் தருகிறது.

தீபாவளிக்குப் பேசும்போது செத்துப்போன வெள்ளைக்காரர்களின் கடிதங்களைப் படிப்பதுதான் உன் வேலை என்றாயாம். அதற்குச் சம்பளமா? விவரமாக எழுது. நானே படித்துக்கொள்வேன்.

பெரியப்பா
சிவசாமி


சால்ட் லேக் சிட்டி
பிப்ரவரி 3, 2025

பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உறையைப் பிரித்ததும் இது யார் எழுத்து என்று புரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடமிருந்து ஒரு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை. நமக்குள் பேச்சுவார்த்தை என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. ஏன் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் எழுத்து நன்றாக இருக்கிறது. கோணல்தான், ஆனால் ஒரு எழுத்தும் தப்பில்லை.

என் வேலையைக் கேட்டீர்கள். இங்கே மார்மன் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் அதிகம். இருநூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் கிழக்கே தொடங்கிய சபை. அங்கே அடிபட்டு, விரட்டப்பட்டு, மாட்டு வண்டியிலும் தள்ளுவண்டியிலும் இந்த உப்புப் பாலைவனத்துக்கு வந்து குடியேறினார்கள். அவர்களுடைய நாட்குறிப்புகள், கடிதங்கள், அந்தக் காலத்து மற்ற சபைகளின் பதிவேடுகள் எல்லாம் பெட்டி பெட்டியாக எங்கள் நூலகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு தாளையும் படித்து, யார் யாருக்கு எழுதியது, எந்தத் தேதி என்று பட்டியல் போடுவது என் வேலை. நான் அந்தச் சபையில் இல்லை. இறந்த முன்னோரின் பெயர்களைத் தேடி எடுப்பது அவர்களுக்கு ஒரு கடமை. முன்னோருக்காக உயிரோடு இருப்பவர் ஒருவர் தண்ணீரில் மூழ்கி எழும் சடங்கும் உண்டு. அதனால் பெயர்களை அவ்வளவு கவனமாகப் பாதுகாக்கிறார்கள்.

இப்போது என் மேஜையில் ஒரு குடும்ப பைபிள் இருக்கிறது. அந்தக் காலத்தில் வீட்டில் பிறப்பு, இறப்பை அதன் நடுப்பக்கத்தில்தான் எழுதிவைப்பார்கள். வெர்மான்ட் என்ற மாநிலத்தில் ஒரு விவசாயியின் மகள் ஹன்னா இந்தச் சபையில் சேர்ந்து வீட்டைவிட்டுப் போனாள். அப்பா அன்றைக்கே பைபிளில் அவள் பெயருக்கு எதிரே ‘மரணம், 1841 மே 9’ என்று எழுதிவிட்டார். ஆனால் அதே பெட்டியில், அந்தத் தேதிக்குப் பிறகு ஹன்னா வீட்டுக்கு எழுதிய பதினோரு கடிதங்கள் இருக்கின்றன.

ஒரு உதவி. நம் குடும்பத்தின் வரிசையை எழுதிவைக்க நினைக்கிறேன். யார் வேண்டுமானாலும் தங்கள் வம்சத்தை இங்கே பதிந்துவைக்கலாம். உயிரோடு இருப்பவர்களின் பெயர் வெளியே தெரியாமல் மூடிவைக்கப்படும். இறந்தவர்களின் பெயரை உலகத்தில் யாரும் பார்க்கலாம். பெயர், பிறந்தது, இறந்தது என்று மூன்று கட்டம் போட்ட தாள் ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததை நிரப்பி அனுப்புங்கள்.

இளமதி


வல்லத்திராக்கோட்டை
2.3.2025

ஆத்தா இளமதிக்கு,

எழுத்து இந்தத் தடவை கொஞ்சம் நேராகியிருக்கும். ஸ்கேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படிக்க மூன்று நாள் ஆனது. வகுப்பில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். தண்ணீரில் மூழ்கும் சங்கதி எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நாம் ராமேஸ்வரத்தில் முங்கி எள்ளும் தண்ணியும் இறைப்பதுதானே, அவர்களும் நம்மைப் போல மனுசர்கள்தான் என்று ராசாத்தி சொன்னாள்.

தாளை நிரப்பிவிட்டேன். பதினெட்டுப் பெயர். நம் வீட்டுப் பெயர்களை நம் வீட்டு ஆள் ஒருவன் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எங்கள் தாத்தாவுக்கு வருசம் தெரியவில்லை, பெரும்புயல் அடித்த வருசம் என்று போட்டிருக்கிறேன். உன் அப்பா நாகராசு பெயரை எழுதும்போது கை நின்றுவிட்டது. தம்பி பெயரை அண்ணன் இறந்தவர் வரிசையில் எழுதக் கூடாது. உன் பெரியம்மா சொர்ணம், 2011 தை. அதற்குக் கீழே செவந்தி, பிறந்தது 1985, இறந்தது 27.8.2006.

செவந்தி தேதியை நான் குத்துமதிப்பாகப் போடவில்லை. அப்போது அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று பரண் மேல் டிரங்குப் பெட்டியில் இருந்தது. எடுத்துப் பார்த்து எழுதினேன். அன்றைக்கு ஊர் பூராவும் ஒட்டினோம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இப்போது முழுசாகப் படித்தேன். தோற்றம், மறைவு, கீழே கண்ணீருடன் வருந்தும் அப்பா சிவசாமி என்று முதல் பெயராக என் பெயர். அச்சில் என் பெயரை நான் படித்தது அதுதான் முதல் தடவை.

அந்த வெள்ளைக்காரப் பெரியவர் செய்தது எனக்குப் புரிகிறது. வீடு வேண்டாம் என்று போனவளை வேறு எப்படி எழுதுவது? ஊர் கேட்குமே. அங்கேயும் ஊர் என்று ஒன்று இருந்திருக்கும்.

கடலை பிடுங்கி முடித்தோம். விளைச்சல் பரவாயில்லை.

பெரியப்பா
சிவசாமி


சால்ட் லேக் சிட்டி
மார்ச் 24, 2025

பெரியப்பாவுக்கு,

உங்கள் தாளை நான் பதியவில்லை. பதியவும் மாட்டேன்.

செவந்தி அக்கா உயிரோடு இருக்கிறாள். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்க் காலனியைச் சேர்ந்த முனியசாமியைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அவ்வளவுதான் அவள் செய்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தார்கள். வனிதா என்று ஒரு மகள், பதினேழு வயது. ஒவ்வொரு ஞாயிறும் நான் அக்காவிடம் பேசுகிறேன். அமெரிக்கா வந்த நாளிலிருந்து பேசுகிறேன்.

அன்றைக்கு எனக்குப் பதினான்கு வயது. வாசலில் பந்தல் போட்டீர்கள். அக்காவின் பத்தாம் வகுப்பு ஃபோட்டோவைப் பெரிதாக்கி மாலை போட்டீர்கள். நீங்களும் என் அப்பாவும் மொட்டை போட்டுக்கொண்டீர்கள். வந்தவர்களுக்கு நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பெரியம்மா மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. போஸ்டரில் கண்ணீருடன் என்று என் பெயரையும் அச்சடித்திருந்தீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அதற்காக என் அப்பாவைக்கூட நான் மன்னிக்கவில்லை. அவர் செத்த பிறகும் முடியவில்லை.

பெரியம்மா இறந்தபோது அக்கா சின்னக் குழந்தையோடு புதுக்கோட்டை வரை வந்தாள். பஸ் ஸ்டாண்டில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பொங்கலுக்கும் அதற்கு முன்னும் நான் ஃபோன் செய்தது இதற்காகத்தான். அக்கா பேரைச் சொன்னதும் நீங்கள் ஃபோனைக் கொடுத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். விலாசத்தைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்களுக்குத்தான் இப்போது பஸ் போர்டு படிக்கத் தெரியுமே.

இளமதி


வல்லத்திராக்கோட்டை
20.4.2025

இளமதிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

பெரியவனைப் பார்த்து எழுதும் எழுத்தா அது? படிக்கத் தெரிந்ததால்தானே இதையெல்லாம் படிக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை.

கருமாதி செய்தவளை எப்படிப் போய்ப் பார்ப்பது? ஊரைக் கூட்டி, குடம் உடைத்து, பதினாறு நாள் செய்தாயிற்று. நான் போனேன் என்றால் அன்றைக்கு நடந்தது எல்லாம் என்ன? மகன் முத்துராஜ் காதுக்குப் போனால் வீட்டில் சண்டை. அருணாவின் தகப்பன் வீட்டார் வேறு இருக்கிறார்கள். வைகாசியில் அம்மன் திருவிழா, காப்புக் கட்டிவிட்டால் ஊரைவிட்டுப் போகக் கூடாது. திருவிழா முடியட்டும், பார்ப்போம்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்? நான் அன்றைக்குப் பந்தல் சாமான் வாங்க அங்கிட்டுத்தான் போனேன்.

அந்த வெள்ளைக்காரர் பிறகு என்ன செய்தார்? மகளைப் போய்ப் பார்த்தாரா? அதை நீ எழுதவே இல்லை.

சிவசாமி


சால்ட் லேக் சிட்டி
மே 12, 2025

பெரியப்பாவுக்கு,

போகவில்லை. அவர் போகவே இல்லை. பதினோரு கடிதங்களில் மூன்றின் அரக்கு முத்திரை உடைக்கப்படவே இல்லை. போன மாதம்தான் எங்கள் ஆய்வகத்தில் கவனமாக உடைத்துக் கொடுத்தார்கள். ஹன்னாவின் அப்பா படிக்காத கடிதத்தை நூற்றெழுபது வருடம் கழித்து முதலில் படித்தது நான். ஒன்றில் எதுவுமே பெரிதாக இல்லை. வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த ஆப்பிள் மரம் இன்னும் காய்க்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

பைபிளில் அவர் எழுதிய தேதிக்குக் கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில் இன்னொரு வரி இருக்கிறது. ‘மரணம், 1884.’ அவள் தம்பி எழுதியது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. எழுதப்பட்ட எதையும் அழிக்கக் கூடாது. தப்பு என்றாலும் அப்படியே விட்டு, பக்கத்தில் திருத்தத்தை எழுதி, திருத்தியவர் பெயரும் தேதியும் போட வேண்டும். அதனால்தான் அந்தப் பக்கத்தில் ஹன்னா இரண்டு முறை செத்திருக்கிறாள்.

சரி, இதை ஒழுங்காகப் படியுங்கள். அக்காவுக்குக் கையில் டயாலிசிஸ் ஊசி ஏறவில்லை. கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். அதில் கிருமி பிடித்துக் காய்ச்சல் வந்து வந்து போகிறது. போன ஞாயிறு நீங்கள் எழுதக் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். சிரித்தாள். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். “அப்பாவா, பேனா பிடிக்கிறாரா? எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுடி. வரவெல்லாம் வேணாம், ஊர்ல பேச்சாயிரும். ஒரு வரி போதும்” என்றாள்.

என் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்கிறேன். ஒரு வரி எழுதுங்கள் பெரியப்பா. உள்ளூர்த் தபால் இரண்டு நாளில் போய்விடும். திருவிழாவுக்குக் காத்திருக்காதீர்கள்.

இளமதி


வல்லத்திராக்கோட்டை
15.6.2025

ஆத்தா இளமதிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இனி அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். உனக்கு வனிதா ஃபோனில் சொல்லியிருக்கும். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

உன் கடிதம் மே 26-ம் தேதி வந்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். வம்புக்கு இல்லை, மனசாகத்தான் உட்கார்ந்தேன். காப்பும் கட்டிக்கொள்ளவில்லை. முத்துராஜ் ஏன் என்று கேட்டான். செவந்திக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன். அந்தப் பெயர் வீட்டில் பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு கேட்டது. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆனால் எழுத்து நேராக வரவில்லை. அவள் பத்தாவது படித்தவள், முத்து முத்தாக எழுதுவாள். அவள் கையில் என் கோணல் எழுத்து போகக் கூடாது என்று நினைத்தேன். வீட்டுக்குள் வராதே என்ற அப்பன், கோழி கிறுக்கியது மாதிரி ஒரு தாளை அனுப்பினான் என்று இருக்கக் கூடாது. ஒரே வரிதான். அதைப் பென்சிலால் எழுதி, மேலே பேனாவால் எழுதிப் பார்த்தேன். செவந்தி என்று எழுதினால் கடைசி எழுத்து மேலே ஏறிவிடும். கிழித்துவிட்டு வேறு தாள் எடுப்பேன். ஒரு நாள் முழுக்க அவள் பெயர் மட்டும் எழுதிப் பழகினேன். டீச்சர் பார்த்துவிட்டு, இதுவே நல்லாத்தான் இருக்கு தாத்தா, அனுப்புங்க என்றது. நான் கேட்கவில்லை.

ஜூன் இரண்டாம் தேதி அருணா ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினாள். இளமதி பேசுது என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று சொன்னேன். வரி அப்போதுதான் கோட்டில் நின்றது. நீ சொல்ல வந்தது என்ன என்று எனக்கு அப்போது தெரியாது.

நாலாம் தேதி எழுத்து நேராக வந்துவிட்டது. அவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை. தபாலில் போட மனசு வரவில்லை. நானே கொண்டுபோகலாம் என்று தோன்றியது. ஆறாம் தேதி விடியற்காலைப் பஸ்ஸில் ஏறினேன். திருச்சியில் இறங்கி, போர்டு படித்துத் திருப்பூர் பஸ் பிடித்தேன். யாரையும் கேட்கவில்லை. கூட உட்கார்ந்திருந்தவரிடம் மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இரண்டு என்றேன். அதைச் சொல்லும்போது சந்தோசமாக இருந்தது.

அனுப்பர்பாளையத்தில் அந்தத் தெருவுக்குள் திரும்பும்போதே சுவரில் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி என்று பெரிய எழுத்து. படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் அந்தச் சுவரைத் தாண்டி வீடு வரைக்கும் அவள் உயிரோடு இருந்திருப்பாள். நின்று படித்தேன். செவந்தி. தோற்றம் 1985. மறைவு 3.6.2025. கண்ணீருடன் கணவர் முனியசாமி, மகள் வனிதா, லைன் வீட்டு நண்பர்கள், கம்பெனித் தோழிகள். கடைசி வரை இரண்டு தடவை படித்தேன். என் பெயர் இல்லை.

முனியசாமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். எழுந்திருக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. “நீங்கதான் முன்னாடியே எல்லாம் செஞ்சு முடிச்சுட்டீங்களே. இப்ப எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டார்.

கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வாங்க வேண்டியவள் இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கடைசி நாலு நாள் தபால்காரர் வந்தாரா என்று மட்டும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அதையும் அவர்தான் சொன்னார். ஊர்க்காரர்களிடம் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

வனிதா உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. மூக்கும் நெற்றியும் சொர்ணம்தான். குடித்தேன். உள்ளே வாங்க என்று யாரும் சொல்லவில்லை. நானும் போகவில்லை. அரை மணி நேரம் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினேன்.

மொட்டை போடட்டுமா என்று நாவிதரிடம் கேட்கப் போய், பாதியில் திரும்பிவந்தேன். எத்தனை தடவை போடுவது.

உன் விதிப்படி செய். நான் முதலில் எழுதிய தாளை அழிக்காதே. நான் எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். செவந்தியின் பெயருக்கு எதிரே, அந்தத் தேதிக்குப் பக்கத்தில் இதைச் சேர்த்துவிடு:

‘செவந்தி, அப்பா சிவசாமி. இறந்தது 3.6.2025. முன்னால் எழுதிய தேதியில் அவள் உயிரோடு இருந்தாள். எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன். திருத்தியது சிவசாமி, 15.6.2025.’

அந்த ஒரு வரிக் கடிதத்தையும் இதனுடன் வைத்திருக்கிறேன். ‘செவந்தி, அப்பா வாரேன்’ என்றுதான் எழுதினேன். பிரித்துப் பார், எழுத்து கோட்டை விட்டு இறங்கவே இல்லை. போய்ச் சேராத கடிதத்துக்கும் உங்கள் பெட்டியில் இடம் இருக்கும் அல்லவா? ஹன்னாவின் கடிதங்கள் இருக்கும் அறையில் எங்கேயாவது வை.

வனிதாவுக்கு எழுதலாமா என்று உன்னிடம் கேட்க நினைத்தேன். கேட்கப் போவதில்லை. இது அங்கே வந்து, நீ பதில் எழுதி அது இங்கே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்தப் பெண் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். நாளைக்கு வனிதாவுக்கு எழுதுகிறேன், அடுத்த வாரம் மறுபடி உனக்கு எழுதுகிறேன். கோணலாகத்தான் இருக்கும். அன்றன்றைக்கே தபாலில் போட்டுவிடுவேன்.

பெரியப்பா
சிவசாமி